வயதான தலைவரின் மறதி: எதைப் பார்ப்பது, யார் கேட்பது

கிளிநொச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது. அவர்களுடைய பகுதியில் நீண்ட காலமாக அரசியலில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு இப்போது வயது 78. பிரதேச சபையில் பொறுப்பான பதவியில் இருக்கிறார். அண்மைக் காலமாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறாராம். ஒரு கூட்டத்தில் இரணைமடுக் குளத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர் இடையில் முத்தையன்கட்டுக் குளம் என்று மாறிச் சொல்லிவிட்டார். அந்தத் துண்டை யாரோ போனில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். எதிர்த்தரப்பு "ஐயாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது", அதாவது வயதால் புத்தி தடுமாறிவிட்டது, என்கிறது. கூட இருப்பவர்கள் "இந்த வயதில் யாருக்குத்தான் மறதி இல்லை" என்கிறார்கள். யார் சொல்வது சரி, இளையவர்களாகிய நாங்கள் என்ன செய்வது, அவரோடு இதை எப்படிக் கதைப்பது என்று கேட்கிறார்.

தம்பி, நான் வன்னி மருத்துவமனைகளில் நீண்ட காலம் வேலை செய்தவன். இந்தக் கேள்வியை வீடுகளில் கனக்கக் கேட்டிருக்கிறேன். அரசியல்வாதியைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் அது சண்டையாக மாறிவிடுகிறது. காரணம், இரண்டு வேறு கேள்விகளை எல்லோரும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். அவருக்கு வருத்தம் இருக்கிறதா என்பது ஒன்று. அது அவருக்கும் அவருடைய வைத்தியருக்கும் குடும்பத்துக்கும் உரிய விஷயம். அவரால் இந்தப் பதவியின் வேலையைச் செய்ய முடிகிறதா என்பது மற்றது. அதைக் கேட்க வாக்குப் போட்ட எல்லோருக்கும் உரிமை உண்டு, அதற்குப் பதில் சொல்ல வைத்தியச் சான்றிதழும் தேவையில்லை.

முதலில் அந்த வீடியோவை ஒரு பக்கம் வையுங்கள். குளத்தின் பெயரை மாறிச் சொன்னதால் ஒருவருக்கு மறதிநோய் (டிமென்ஷியா) என்று முடிவு கட்ட முடியாது. களைப்பு, நித்திரைக்குறைவு, வெயில், தலைக்குள் ஒரே நேரத்தில் பத்து விஷயம் ஓடுவது, இதில் எது இருந்தாலும் பெயர் தடுக்கும். முப்பது வயதுக்காரருக்கும் தடுக்கும்.

அதே மாதிரி, அவர் மேடையில் ஒரு மணித்தியாலம் தங்குதடையில்லாமல் பேசினார் என்பதால் எல்லாம் சரியென்றும் சொல்ல முடியாது. கூட இருப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மறதிநோயின் ஆரம்பத்தில் பழைய நினைவு நன்றாகவே இருக்கும். 1958 கலவரத்தைப் பற்றி, 1977 தேர்தலைப் பற்றி, இடம்பெயர்வுகளைப் பற்றி ஆண்டு நாள் தவறாமல் சொல்வார். நாற்பது வருடம் பேசிப் பழகிய பேச்சு நாக்கிலேயே இருக்கிறது. அதைப் பேச மூளை புதிதாக எதையும் பிடித்து வைக்கத் தேவையில்லை. நேற்றைய கூட்டத்தில் என்ன முடிவெடுத்தோம், காலையில் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதுதான் முதலில் நழுவும். ஆகவே எதிராளி காட்டும் துண்டும் ஆதரவாளர் காட்டும் முழுப் பேச்சும் ஒரே அளவு பயனற்ற சாட்சிகள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒரு பெயர் வராமல் தடுமாறி, பத்து நிமிடம் கழித்துத் தானாக நினைவு வந்தால், அது பெரும்பாலும் வயது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி முடித்த பிறகு, கேட்டதே நினைவில்லாமல் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கவனிக்க வேண்டும். கண்ணாடியை எங்கோ வைத்துத் தேடுவது எல்லோருக்கும் நடக்கும். ஆனால் ஆயுள் முழுக்கப் போய்வந்த பாதையில், பரந்தன் சந்தியில் நின்று எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பது வேறு. காசுக் கணக்கில் கெட்டிக்காரராக இருந்தவர் சின்னக் கணக்கில் குழம்புவது, பொறுமைசாலியாக இருந்தவர் சம்பந்தமில்லாமல் வெடித்துச் சினப்பது, "என்னுடைய கடிதத்தை யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று அடிக்கடி சந்தேகப்படுவது, நாலுபேர் கதைக்கும் கூட்டத்தில் பேச்சைத் தொடர முடியாமல் மெல்ல ஒதுங்கிவிடுவது, இவைதான் கவலைப்பட வேண்டிய அறிகுறிகள். ஒருநாள் நடந்ததைப் பார்க்காதீர்கள். போன வருடம் இதே நேரம் இவர் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். மாற்றம்தான் முக்கியம். அதை அறிந்தவர் வீட்டில் அவரோடு இருப்பவர், மேடைக்கு முன்னால் இருப்பவர் அல்ல.

மாற்றம் வந்த வேகமும் நிறையச் சொல்லும். மாதக் கணக்காக, வருடக் கணக்காக மெல்ல இறங்கினால் அல்சைமர் போன்ற நோயை நினைக்கலாம். படிப்படியாக, ஒரு தடவை விழுந்து கொஞ்ச நாள் நின்று மறுபடி விழுந்தால், சின்னச் சின்னப் பாரிசவாதங்களாக இருக்கலாம். பிரஷரும் நீரிழிவும் உள்ளவர்களிடம் இது அதிகம். ஒருநாள் நல்ல தெளிவு, மறுநாள் குழப்பம், இல்லாத ஆட்களைக் கண்டதாகச் சொல்வது என்றால் வேறு வகையான மறதிநோயாக இருக்கக்கூடும். ஆனால் இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பினால் அது மறதிநோயே அல்ல என்று எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, உடம்பில் தண்ணீர் வற்றுவது, உப்பின் அளவு குறைவது, சீனி இறங்குவது என்று ஏதாவது ஒன்று அதற்குப் பின்னால் இருக்கும். வைத்தியம் செய்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். "அறளை பெயர்ந்துவிட்டது" என்று ஊர் முத்திரை குத்திய பிறகு ஒருவரும் அவரை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவதில்லை. எதிரிக்கு அது சிரிப்பு, வேண்டியவர்களுக்கு அது வெட்கம். இதற்கிடையில், குணமாக்கக்கூடிய எத்தனையோ காரணங்கள் கவனிக்கப்படாமல் போகின்றன. நீரிழிவுக்கு மெட்ஃபோமின் குளிசையைப் பல வருடம் எடுத்தவர்களுக்கு பி12 உயிர்ச்சத்து குறையலாம். அது மறதியையும் கால் விறைப்பையும் கொண்டுவரும், ஊசி போட்டால் தேறும். தைரொயிட் சுரப்பு குறைந்தால் மனமும் உடம்பும் மந்தமாகும். தடிமனுக்கும் சொறிக்கும் கடையில் சும்மா வாங்கிப் போடும் பிரிட்டோன் (Piriton) குளிசை, நித்திரைக் குளிசை, சில மனநல மருந்துகள் எல்லாம் வயதானவர்களின் நினைவைக் கலக்கிவிடும். சைக்கிளில் இருந்து விழுந்து "ஒன்றுமில்லை" என்று எழும்பி வந்தவருக்கு, சில வாரங்கள் கழித்து மூளைக்கு மேலே இரத்தம் கட்டிக் குழப்பம் வரலாம். அதைச் சத்திரசிகிச்சை செய்து எடுக்கலாம். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பலர். சிறுநீரகம் பழுதானால் கழிவும் மருந்தும் உடம்பில் தேங்கி மூளையை மந்தமாக்கும். ஒவ்வொரு நாளும் குடிப்பவராக இருந்தால் அது தனிக்கதை.

வன்னிக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்று காது. ஷெல்லும் குண்டும் வெடித்த இடங்களில் வாழ்ந்த மக்கள் நாங்கள். வயதோடு வரும் செவிட்டுத்தன்மைக்கு மேல் வெடிச்சத்தத்தால் வந்த பழுதும் பலருக்கு உண்டு. காது கேட்காதவர் கூட்டத்தில் சம்பந்தமில்லாத பதில் சொல்வார், அல்லது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பார்ப்பவருக்கு அது மூளைக்குழப்பம் மாதிரியே தெரியும். அதோடு, கேள்விக்குறைபாட்டைக் கவனியாமல் விடுவதே மறதிநோய்க்கான ஆபத்தைக் கூட்டும். லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மறதிநோயாளரில் சுமார் 45 வீதமானோரின் நோய், மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்கிறது. அதில் மிகப் பெரிய பங்குள்ள இரண்டில் ஒன்று கேள்விக்குறைபாடு, மற்றது கெட்ட கொழுப்பு. வன்னிக்கே உரிய இரண்டாவது விஷயம் துக்கம். பிள்ளையைப் பறிகொடுத்தவர், 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவந்தவர், காணாமல் போனவருக்காக இன்னும் காத்திருப்பவர், இவர்களுடைய மனச்சோர்வு மறதியின் உருவத்தில் வரும். "எனக்கு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை" என்று அவர்களே வந்து சொல்வார்கள். மறதிநோய் உள்ளவரோ பெரும்பாலும் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சாதிப்பார். மனச்சோர்வுக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது.

சரி, ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் 2018 ஜனவரியில் டொனால்ட் ட்ரம்புக்கு மொன்ட்ரியல் என்ற நினைவாற்றல் சோதனை வைத்து 30 க்கு 30 எடுத்தார் என்று வெள்ளை மாளிகை வைத்தியர் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். மணிக்கூடு கீறுவது, மிருகங்களின் பெயர் சொல்வது, ஐந்து சொற்களை நினைவில் வைத்துப் பிறகு சொல்வது என்று பத்து நிமிடத்தில் முடிகிற சோதனை அது. இன்னும் ஆராய வேண்டிய ஆட்களைப் பிரித்தெடுக்கத்தான் அது உதவும். நாட்டையோ சபையையோ நடத்தும் தகுதியை அதனால் அளக்க முடியாது. எங்கள் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். பள்ளிக்கூடம் அதிகம் போகாத வயலுக்காரரை மணிக்கூடு கீறச் சொன்னால் தடுமாறுவார். ஆங்கிலத் தேதி தெரியாது, ஆனால் தமிழ் மாதமும் பொங்கலுக்கு எத்தனை நாள் என்பதும் தெரியும். படிப்புக்கும் பழக்கத்துக்கும் ஏற்பக் கேட்கத் தெரிந்த ஒருவர் செய்தால்தான் அந்தப் புள்ளிக்கு அர்த்தம் உண்டு. வீட்டில் நீங்கள் செய்து பார்த்து, புள்ளியை வெளியே சொல்லித் திரிய வேண்டாம்.

தூரத்தில் இருந்து நோய் சொல்வதும் அப்படித்தான். 1964 இல் அமெரிக்காவில் ஒரு சஞ்சிகை, ஜனாதிபதி வேட்பாளர் பரி கோல்ட்வோட்டர் மனநிலையளவில் தகுதியானவரா என்று மனநல வைத்தியர்களிடம் கேட்டு, அவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தகுதியில்லை என்று சொன்னதாக வெளியிட்டது. அவர் வழக்குப் போட்டு வென்றார். அதன் பிறகு 1973 இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம், நேரில் பரிசோதிக்காத ஒருவரைப் பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்லக்கூடாது என்று விதி செய்தது. படித்த வைத்தியருக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், வீடியோ பார்த்து நோய் சொல்லும் நமக்கு எவ்வளவு வேண்டும்?

இனி இரண்டாவது கேள்வி, வேலை. இதில் என் மனம் கொஞ்சம் கடுமையானது. வரலாற்றைப் பார்த்தால் தலைவரின் வருத்தத்தை விட, அதை மறைத்தவர்களால் வந்த கேடு பெரிது. அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சனுக்கு 1919 ஒக்டோபர் 2 இல் பாரிசவாதம் வந்தது. மனைவியும் வைத்தியரும் அதன் தீவிரத்தை மறைத்தார்கள். யார் அவரைப் பார்ப்பது, எந்தக் கடிதம் அவரிடம் போவது என்பதை மனைவி தீர்மானித்தார். பதவிக்காலம் முடிந்த 1921 மார்ச் வரை நிலைமை கிட்டத்தட்ட அப்படித்தான் போனது. பிரித்தானியாவில் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு 1953 ஜூனில் பாரிசவாதம் வந்தபோது பத்திரிகை முதலாளிகளின் துணையோடு அதை மறைத்தார்கள். அவர் 1955 ஏப்ரல் வரை பிரதமராக இருந்தார். றொனால்ட் றேகன் தனக்கு அல்சைமர் என்று மக்களுக்குக் கடிதம் எழுதியது 1994 நவம்பரில், பதவியை விட்டுக் கிட்டத்தட்ட ஆறு வருடம் கழித்து. பதவியில் இருந்தபோதே தொடங்கியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஜோ பைடன் 2024 ஜூன் 27 விவாதத்தில் தடுமாறியபோது அவருக்கு 81 வயது. அடுத்த மாதம் 21 ஆம் திகதி போட்டியில் இருந்து விலகினார். அவருக்கு என்ன வருத்தம் என்று நாம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் மாற்று வேட்பாளருக்குத் தேர்தல் நாள் வரை மிஞ்சியது மூன்றரை மாதம். அந்தக் கேள்வியை ஒரு வருடம் முன்பே கட்சிக்குள் நேராகக் கேட்டிருக்கலாம்.

எங்கள் பக்கமும் பார்ப்போம். தமிழரசுக் கட்சியை நிறுவிய தந்தை செல்வா கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோயோடும் காது கேளாமையோடும் வாழ்ந்தவர். குரல் மெலிந்து போயிருந்தது. அந்த உடம்போடு 1975 பெப்ரவரியில் காங்கேசன்துறை இடைத்தேர்தலில் 76 வயதில் வென்றார். 1976 மே 14 இல் வட்டுக்கோட்டை மாநாட்டில் தனித் தமிழீழத் தீர்மானம் நிறைவேறியபோதும் தலைமையில் இருந்தார். கை நடுங்குவதையும் குரல் இறங்குவதையும் வைத்து மூளையை எடைபோடக் கூடாது என்பதற்கு அவரை விட நல்ல உதாரணம் எங்களுக்கு வேண்டாம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த இரா. சம்பந்தன் ஐயா 2020 ஆகஸ்ட் தேர்தலில் 87 வயதில் திருகோணமலையில் வென்றார். பிறகு உடல்நலக் குறைவால் பாராளுமன்றம் போக முடியாத நிலை வந்தபோது, ஆசனத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவருடைய கட்சிக்குள் இருந்தே பகிரங்கமாகக் கேட்டார்கள். 2024 ஜூன் 30 இல், 91 வயதில், உறுப்பினராகவே காலமானார். அங்கே பிரச்சினை நினைவாற்றல் அல்ல, உடம்பு. கேட்டதைச் சிலர் மரியாதைக்குறைவு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு மாவட்டத்து மக்களுக்காகச் சபையில் பேச ஆள் இருக்கிறதா என்ற கேள்வி அது. ஒருவருடைய தியாகத்தைக் குறைக்காமலே அதைக் கேட்கலாம்.

இலங்கைச் சட்டம் இதில் அதிகம் உதவாது. உயர்நீதிமன்ற நீதியரசர் 65 வயதில் ஓய்வு பெற வேண்டும். பாராளுமன்ற உறுப்பினருக்கு மேல் வயதெல்லை இல்லை. ஜனாதிபதி உடல் அல்லது மன இயலாமையால் நிரந்தரமாகக் கடமை செய்ய முடியாதவர் என்றால் அவரை நீக்க அரசியலமைப்பின் 38 ஆம் உறுப்புரையில் வழி உண்டு. ஆனால் நீண்ட வழி. பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, உயர்நீதிமன்ற விசாரணை, அதன் பிறகு மறுபடி மூன்றில் இரண்டு பங்கு. அப்படி நீண்டதாக இருப்பதும் நல்லதுதான். குறுகியதாக இருந்தால் பிடிக்காத தலைவரை எல்லாம் பைத்தியம் என்று சொல்லி இறக்கிவிடுவார்கள். ஆகவே ஊர் மட்டத்தில் கட்சியும் உறுப்பினர்களும்தான் இதைச் சுமக்க வேண்டும்.

வேலை நடக்கிறதா என்று பார்க்க எளிய வழிகள் உண்டு. போன கூட்டத்தின் அறிக்கையை எடுத்து, அதில் அவர் ஏற்றுக்கொண்ட விஷயங்கள் நடந்தனவா என்று பாருங்கள். முன்வைத்த தாளை வாசித்து விளங்கிக் கேள்வி கேட்டுக் கையெழுத்து வைக்கிறாரா, அல்லது நீட்டிய இடத்தில் வைக்கிறாரா? புதிய விஷயம் ஒன்றை இருபது நிமிடம் விளக்கினால் அதன் நன்மை தீமையைத் தன் வாயால் சொல்கிறாரா? வேறு யாராவது அவருக்காகப் பதில் சொல்கிறார்களா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். காணி, ஒப்பந்தம், மணல், நியமனம் என்று பணமும் அதிகாரமும் புழங்கும் இடத்தில் நினைவு தளரும் ஒருவர் இருந்தால், உண்மையில் ஆள்வது அவருக்குப் பின்னால் நிற்பவர். அந்த ஆளுக்கு ஒருவரும் வாக்குப் போடவில்லை. பின்னொரு நாள் விசாரணை வந்தால் கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பெரியவர்தான். "ஐயாவைக் காப்பாற்றுகிறோம்" என்று மறைப்பவர்கள் அவரைத்தான் முதலில் பலி கொடுக்கிறார்கள்.

ஏன் மறைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எல்லோரும் பதவி ஆசையால் மறைப்பதில்லை. வன்னியில் நடுவயதுத் தலைமுறையில் கனபேர் போரில் போனார்கள், கனபேர் வெளிநாடு போனார்கள். இவர் விலகினால் அடுத்து யார் என்ற பயம் உண்மையானது. அதற்கு மருந்து, அவருக்குப் பக்கத்தில் இப்போதே இரண்டு மூன்று பேரைப் பழக்குவது. உப தவிசாளர் என்ற பதவி பெயருக்காக இருக்கவில்லை. முக்கியமான தாள்களை இன்னொருவரும் வாசித்து ஒப்பமிடும் பழக்கம், முடிவுகளை எழுத்தில் உடனே பதியும் பழக்கம், 75 வயதுக்கு மேல் கட்சிப் பொறுப்பை ஒவ்வொரு வருடமும் மீளாய்வு செய்யும் விதி, இவற்றை எல்லோருக்கும் பொதுவாகக் கொண்டுவாருங்கள். ஒருவரைக் குறிவைத்துக் கொண்டுவந்தால் அது சதியாகவே பார்க்கப்படும்.

அவரோடு எப்படிக் கதைப்பது என்று கேட்டிருந்தீர்கள். கூட்டமாகப் போகாதீர்கள், கட்சிக்காரர் போகாதீர்கள். அவர் மதிக்கிற ஒருவர், மகளாகவோ பழைய தோழராகவோ வைத்தியராகவோ, காலை நேரத்தில், அவர் களைப்பில்லாமல் இருக்கும்போது, தனியாகப் போகட்டும். "உங்களுக்கு மறதி" என்று தொடங்க வேண்டாம். "ஐயா, போன கிழமை இரண்டு தடவை இந்த விஷயம் தவறிப்போனது, எங்களுக்குக் கவலையாக இருக்கிறது, ஒருக்கால் காட்டிவிட்டு வருவோம்" என்று நடந்ததைச் சொல்லிக் கேட்கலாம். பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பிறகு அவர் எவரையும் நம்பமாட்டார். முதல் நாள் மறுப்பார். மறுத்தால் விட்டுவிட்டு மறுபடி போங்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது மருத்துவமனைகளில் மருத்துவக் கிளினிக்கும் மனநலப் பிரிவும் இருக்கின்றன, செலவில்லை. மனநலப் பிரிவு என்றதும் வெட்கப்பட்டால் மருத்துவக் கிளினிக்கில் தொடங்குங்கள். தேவையென்றால் அவர்கள் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். போகும்போது கிளினிக் கொப்பியையும், வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும், கடையில் வாங்கியவை, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். எப்போது தொடங்கியது, என்ன மாறியது என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதி வையுங்கள். காது மெசின் அல்லது கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு போகட்டும். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், உடம்பில் ஷெல் துண்டு ஏதும் இருக்கிறதா என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். அந்தக் காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை அசைத்துவிடக்கூடும். சிடி ஸ்கானுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.